அம்மாவின் ஈரச் சேலை

போன வருஷம் அம்மாவுக்கு அடிமேல் அடி. மாடிப்படியில் விழுந்து கை முறிந்தது, அது கூடி வருவதற்குள் காய்ச்சல். ஜோசியர் ஒருவர், பாபநாசத்தில் தாமிரபரணியில் முழுகி, உடுத்திய சேலையை ஆற்றோடு விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டார். ஆடி அமாவாசைக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் ஒரு திங்கட்கிழமை தூத்துக்குடியில் பஸ் ஏறினோம்.

வல்லநாட்டுப் பாலத்தில் ஆறு தெரிந்ததுமே அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் ஊர்க் குழாயில் வருவது இங்கே எடுக்கிற தண்ணீர்தான். பிறந்ததிலிருந்து குடிக்கிறேன், ஒருநாளும் கும்பிட்டதில்லை.

சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். அந்தப் பக்கத்துக் கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்துக்காரர் ஒருவரிடம் அகத்தியர், ஒரு பசுவின் பின்னால் போகச் சொன்னாராம். அது நடந்த தடத்தில் கால்வாய், படுத்த இடத்தில் ஏரி, மூத்திரம் பெய்த இடத்தில் மடை. தண்ணீர் போகிற வாட்டம் மாட்டுக்குத் தெரியும் என்று நம்பிய ஆட்கள்! தென்மேற்குப் பருவத்தில் கார், வடகிழக்கில் பிசானம் என்று இரண்டு போகம் விளைவது, பொதிகைமலை இரண்டு மழையையும் வாங்குவதால்தான். மலைமேல் இருக்கும் சோலைக்காடு மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. அதனால்தான் மழை நின்ற பிறகும் தாமிரபரணி ஓடுகிறது. காடு போனால் இதுவும் நாலு நாள் வெள்ளம், அப்புறம் மணல்.

பாபநாசத்தில் கோயிலுக்கு எதிரேயே படித்துறை. தண்ணீர் சில்லென்று இருந்தது. பொரியைத் தூவினால் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகின்றன. கோயில் மீன் என்று யாரும் பிடிப்பதில்லை. ஆனால் அதே படியில் ஷாம்பு பாக்கெட், எண்ணெய்ப் பிசுக்கு. பாறை இடுக்குகளில் வேட்டியும் சேலையும் பாசி பிடித்துக் கிடந்தன. துணியைப் போடாதீர்கள் என்று எழுதிய பலகையின் காலிலேயே ஒரு துண்டு சுற்றியிருந்தது.

அம்மா முழுகி எழுந்து, மறைவில் போய் மாற்றுச்சேலை கட்டிக்கொண்டு, ஈரச்சேலையைச் சுருட்டி எடுத்து வந்தாள். பொரி விற்கிற ஆச்சி பார்த்துவிட்டார்.

"யம்மா, அதை உள்ள விட்றாதீய. மீனு அதுல சிக்கிச் செத்து மிதக்கு. நாளைக்கு நான்தான் இழுத்துப் போடணும்."

"ஜோசியர் சொன்னாரு அக்கா..."

"அவரு வந்து இழுப்பாரா? நீங்க எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

"அப்போ உங்க வீட்டுக்குத்தான வருது!"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால், வேலை கிடைக்காத நாட்களில், இதே படியில் ஒரு வேட்டியை விட்டுவிட்டுப் போனவன் நான்.

சேலையைப் பைக்குள் வைத்துக்கொண்டே கோயிலுக்குள் போனோம். தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஒன்பது சிவத்தலங்களான நவகைலாயங்களில் முதலாவது இது, சூரியத் தலம். இந்திரனின் பிரம்மஹத்தி தோஷம் நீங்கியது இங்கே என்பது ஐதீகம். அவன் துணி எதையும் விட்டுப்போனதாக எந்தக் கதையிலும் நான் கேட்டதில்லை. பாபநாசநாதர் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றாள். உலகம்மை சன்னிதிக்கு முன்னால் உரல் இருக்கிறது. பெண்கள் விரலி மஞ்சளைத் தாங்களே இடித்துக் கொடுக்க, அது அம்மனுக்கு அபிஷேகமாகிறது. முறிந்து கூடிய கையால் அம்மாவும் நாலு இடி இடித்தாள். வலித்திருக்கும், சொல்லவில்லை. அபிஷேகத் தீர்த்தத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பை சொட்டிக்கொண்டே வந்தது. கண்டக்டர் முகம் சுளித்தார். "கோயில் தண்ணிதான் தம்பி" என்றாள் அம்மா. மறுபடி வல்லநாட்டுப் பாலம் வந்தபோது அவள் தூங்கிப்போயிருந்தாள். எழுப்பவில்லை. நான் கும்பிட்டுக்கொண்டேன்.