கினபாலுவின் கருங்கல்

மலேசியாவோட சபா மாநிலத்திலிருந்து திரும்பி மூணு நாளாச்சு. கோலாலம்பூர் செந்தூல் வீட்டு மாடிப்படி இறங்கினா தொடை இன்னும் பிடிக்குது. மனசு கினபாலு மலையிலேயே இருக்கு.

நானும் அக்காவும் மூணு மாசமா ஞாயிறுதோறும் பத்துமலையில் 272 படியை ஏறி இறங்கிப் பழகினோம். முருகனையும் கும்பிட்ட மாதிரி ஆச்சு.

மலையேத்தம் தொடங்குற திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர் உயரத்துல இருக்கு. இராத்தங்கும் விடுதி 3,272 மீட்டர்ல. நடுவுல 6 கிலோமீட்டர், அநேகமா முழுக்க ஏத்தம்தான். அந்த வழியில காடு மாறுறதைத்தான் சொல்லியாகணும். கீழே பாசி தொங்குற பெரிய மரங்கள். போகப்போக மரம் குட்டையாகி, முறுக்கிக்கிட்டு, கடைசியில இடுப்பளவுகூட இல்ல. அதுக்கும் மேல வெறும் கருங்கல். பாறை இடுக்கில ஒரு பிடி மண். அதுலயும் ஒரு செடி, நகத்தளவு இலையோட, அந்தக் காத்துலயும் அசையாம நிக்குது. பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்.

விடிகாலை ரெண்டரைக்குக் கிளம்பி, வெள்ளைக் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு ஏறினோம். முன்னோர் ஆவி குடியிருக்கிற மலைன்னு சபாவோட பூர்வகுடிகளான கடசான் டூசுன் மக்கள் நம்புறாங்க. எங்க வழிகாட்டி அண்ணன் மேலே போனதும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

உச்சி, 4,095 மீட்டர். சூரியன் வந்ததும் மலையோட நிழல் மேகத்து மேல முக்கோணமா விழுந்துச்சு. அக்கா என் கையை இறுக்கிப் பிடிச்சு அழுதுட்டாங்க.

போறவங்க கையுறை ரெண்டு ஜோடி எடுத்துக்கோங்க. கயிறு ஈரமாத்தான் இருக்கும்.