இடது முன் சக்கரம்

ஜூன் 10, செவ்வாய்

வண்டியை மெக்கானிக்கிடமிருந்து எடுத்து வந்தாயிற்று. முன் சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் பேட் போட்டிருக்கிறாராம், இனிமேல் ஒன்றும் வராதாம். பல்லடம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், ஸ்டியரிங்கை லேசாக விட்டால் இடது பக்கம் இழுக்கிறது. கேட்டால் ரோடு அப்படி என்கிறார். சரி, ரோடு அப்படித்தான். அம்மாவைக் கூட்டிவர நாளைக்கு வால்பாறைக்குப் போயே ஆக வேண்டும்.

தம்பி போன் எடுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

பொள்ளாச்சி தாண்டும்வரை ஒன்றுமில்லை. ஆழியாறு செக்போஸ்ட்டில் நின்றபோதுதான் ஒரு வாடை. பக்கத்தில் நின்ற லாரியில் இருந்து வருகிறது என்று நினைத்தேன்.

ஏற ஆரம்பித்ததும் வண்டி இழுக்கவே இல்லை. இரண்டாவது கியரிலேயே திணறியது. பழைய வண்டி, ஏசி வேறு ஓடுகிறது என்று ஏசியை அணைத்தேன். அப்போதும் அதே கதை. ஒன்பதாவது வளைவில், எல்லோரும் அணையைப் பார்த்துப் போட்டோ எடுக்கும் இடத்தில் ஓரம் கட்டி இறங்கினால் கிளட்ச் கருகுகிற மாதிரி நாற்றம். ஆனால் பானெட் பக்கம் இல்லை, சக்கரத்துப் பக்கம். வலது முன் சக்கரத்தில் கை வைக்க முடிந்தது. இடதுக்குக் கிட்டேகூடக் கையைக் கொண்டுபோக முடியவில்லை. தூறல் ரிம்மில் விழ விழ சுர்ர் சுர்ரென்று ஆவியானது.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. மலை ஏறும்போது பிரேக்கை மிதிப்பதே குறைவு. இறங்கும்போது சுட்டால் அர்த்தம் இருக்கிறது. ஏறும்போது ஏன் சுட வேண்டும், அதுவும் ஒரே ஒரு சக்கரம்?

டூர் வந்த பையன் ஒருவன் இரண்டு லிட்டர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடி வந்தான், ஊற்றி ஆற்றிவிடலாம் என்று. வேண்டாம் தம்பி என்று பிடித்து நிறுத்தினேன். அந்தச் சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால், பேட் பிடிக்கிற அந்த இரும்பு டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசல்கூட விடும். தானாக ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சுவரில் வரையாடு ஒன்று ஏறி நின்று என்னையே பார்த்தது. பிறகு கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, இருட்டிய பிறகுதான் வால்பாறை.

இதே சக்கரத்தோடு, சாமானும் ஏற்றிக்கொண்டு, நாற்பது வளைவும் இறங்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

மழை. அம்மி இல்லாமல் வரமாட்டேன் என்கிறாள் அம்மா.

ஜூன் 13, வெள்ளி

காலையில் இந்த ஊர் மெக்கானிக் அண்ணன் வந்தார். பேட் புதுசு என்று சொன்னதும் சிரித்தார். கோபம் வந்தது, ஆனால் அந்த மனிதர் வேலை செய்கிற விதத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரம் தாராளமாகச் சுற்றியது. என்னை உள்ளே உட்கார வைத்து, "நல்லா மிதிம்மா, இப்ப விடு" என்றார். விட்ட பிறகு சுற்றினால் சக்கரம் அசையவே இல்லை. காலை எடுத்தாயிற்று, பிரேக் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலில், சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் வந்து சேரும் நட்டைத் தளர்த்தினார். அப்போதும் விடவில்லை. அடுத்து, பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில் ஆயிலை வெளியே விட இருக்கும் நிப்பிளைத் திறந்தார். சர்ரென்று ஆயில் பீச்சியது, சக்கரம் உடனே விட்டுவிட்டது. அவ்வளவுதான், ஹோஸ் போச்சு என்றார்.

வெளியே பார்த்தால் ஹோஸில் ஒரு கீறல் கிடையாது. உள்ளே ரப்பர் ஊதி வழி சுருங்கிவிட்டதாம். மிதிக்கும்போது நம் காலின் பலம் ஆயிலை உள்ளே தள்ளிவிடும். விட்ட பிறகு, பேட்டைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் மட்டும்தான், அதற்கு அவ்வளவு பலம் ஏது? ஆயில் திரும்பி வராமல் அங்கேயே நிற்கும், பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே போகும். சூடு ஏற ஏற மாட்டிக்கொண்ட ஆயில் விரிந்து இன்னும் இறுக்கும். செக்போஸ்ட்டில் மிதித்த ஒரு மிதிதான் மலை முழுக்கப் பிடித்தபடி வந்திருக்கிறது.

அப்படியே காலிப்பர் நகர்ந்து கொடுக்க இருக்கும் பின்களையும் கழற்றிப் பார்த்தார், அவை ஒழுங்காகத்தான் நகர்ந்தன. துடைத்து சிலிக்கான் கிரீஸ் வைத்தார். சாதாரண கிரீஸ் வைத்தால் அங்கே இருக்கும் ரப்பரும் ஊதிப்போகுமாம்.

2009 மாடலுக்கு ஹோஸ் இங்கே கிடையாது. பொள்ளாச்சியில் சொல்லி பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறார். வலதுக்கும் சேர்த்து இரண்டு. அதற்கும் அதே வயசுதானே என்றார்.

ஜூன் 14, சனி

காலை பஸ்ஸில் வரவில்லை. வழியில் மரம் விழுந்து கிடக்கிறதாம். மதியம் ஸ்டாண்டில் குடையோடு நின்று வருகிற ஒவ்வொரு கண்டக்டரையும் கேட்டேன். ஒருவர் கோழித்தீவன மூட்டையைக் காட்டி இதுவா என்றார்.

பீரோ அடுத்த வீட்டு அக்காவுக்கு. கட்டில் யாருக்கோ. எஸ்டேட் ஆபீஸில் கையெழுத்து போட வேண்டிய காகிதம் இன்னும் தயாராகவில்லை. அம்மா சமையல்கட்டில் உட்கார்ந்து அம்மியைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். திருப்பூரில் மிக்ஸி இருக்கும்மா என்றேன். பதில் இல்லை. கல்லின் எடையைச் சொல்லிப் பார்த்தேன், அதற்கும் இல்லை. அவள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் இறங்கும்போது பிரேக்கில்தான் வந்து நிற்கும்.

தம்பிக்கு மெசேஜ் போட்டேன். நீலக் கோடு விழுந்துவிட்டது.

ஜூன் 14, இரவு

தூக்கமில்லை. ஹோஸ் மாற்றினாலும் பழைய ஆயில் இருக்குமே என்று ஓடிக்கொண்டிருக்கிறது. மூடியில் டாட் 3 என்று ஆயிலின் ரகம் போட்டிருக்கிறது. புதுசாக இருந்தால் 205 டிகிரியாவது தாங்கும். காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்துப் பழசானால் 140லேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிதான் இருக்கும், மிதித்தால் பெடல் நேரே தரைக்குப் போகும். எப்போது மாற்றியது என்று யாருக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

வந்துவிட்டது! காலை முதல் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றி.

ஆயில் முழுக்க மாற்றச் சொன்னேன். நான் பெடலில், அண்ணன் கீழே நிப்பிளில் டியூப் மாட்டி பாட்டிலோடு. மிதி, பிடி, விடு. மிதி, பிடி, விடு. கால் மரத்துப்போனது. முதலில் வந்தது பால் ஊற்றாத காப்பி நிறம், போகப் போகத் தெளிந்தது. குமிழி நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் விடுங்கள் அண்ணே என்று படுத்தினேன். பழைய ஹோஸை பிளேடால் நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். வெளியில் சுண்டுவிரல் தடிமன், உள்ளே ஒரு குண்டூசி நுழைவதற்குக்கூட யோசிக்க வேண்டும். சிவந்து தடித்த தொண்டை மாதிரி இருக்கிறதென்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

ரொட்டிக்கடை வரை போய் வந்தோம். கையை விட்டால் நேராகப் போகிறது. அப்போ அந்த ரோடு?

ஆறு மணிக்கு மேல் வெளியே நிற்காதே, சிறுத்தை நடமாட்டம் என்று வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். கூலி கேட்டது மிகக் குறைவு. போகும்போது அம்மியை அவரேதான் தூக்கிப் பின்சீட்டுக்குக் கீழே வைத்தார், உருளாமல் இருக்கப் போர்வை அடைத்து. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

ஏறின கியரில் இறங்கு என்று அப்பா சொல்வார். இரண்டாவதை விட்டு மாற்றவில்லை. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டேன். பின்னால் ஒரு இன்னோவா விடாமல் ஹாரன். வழி விட்டேன், போய்த் தொலையட்டும்.

அட்டகட்டியில் நிறுத்தி இரண்டு முன் சக்கரத்துக்கும் கிட்டே புறங்கையைக் கொண்டுபோனேன். இரண்டும் சூடுதான், ஆனால் ஒரே சூடு. அம்மாவையும் பார்க்கச் சொன்னேன். அவளுக்கு வாந்தி வருகிறதாம், சக்கரத்தைப் பார்க்கிற நிலைமையில் இல்லை. எலுமிச்சம்பழம் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.