தாமதமாக வந்தவர்களுக்கு யோவான் 11

சென்னையிலிருந்து "அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்துட்டாங்க" என்று போன் வரும்போது டொரண்டோவில் நடுராத்திரியாக இருக்கும். அடக்கம் மறுநாள் சாயங்காலம் என்று அங்கே முடிவாகியிருக்கும். ஃப்ரீசர் பெட்டி இருந்தாலும் அதிகம் தள்ளிப்போட வீட்டார் தயங்குவார்கள். கனடா பாஸ்போர்ட்டுக்கு மாறியவரிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இல்லையென்றால் விசா எடுத்தாக வேண்டும். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணச் சட்டம் தரும் துக்க விடுப்போ வருடத்துக்கு 2 நாள், அதுவும் சம்பளமில்லாமல். அதனால் பலருக்கும் அம்மாவின் கடைசி முகம் போன் திரையில்தான்.

அடக்கத்தை உங்களுக்கு நேரலையில் காட்டும் போனைச் சவப்பெட்டி தூக்காத ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பவர் பேங்க் கட்டாயம். ஆயருக்குப் பக்கத்தில் நிற்கட்டும். கூட்டத்துக்குப் பின்னால் நின்றால் காற்றிரைச்சல் மட்டும்தான் கேட்கும். மண் போடும் நேரத்தில் எல்லோரும் குழியருகே நெருங்குவார்கள், படம் முதுகுகளால் மறையும். உங்கள் பெயரைச் சொல்லி ஒரு பிடி மண் போட ஒருவரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

இந்தியாவில் இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் வேறு என்பது நம் வீடுகளில் சகஜம். சான்றிதழில் ஆதார், வங்கிக் கணக்கில் உள்ளபடியே பெயர் வரட்டும். இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழில் வந்து மாட்டும்.

இதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் குற்றவுணர்வு வரும். "அழாதே, நமக்கு நம்பிக்கை உண்டே" என்று வேதாகமத்தில் 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐக் காட்டுவார்கள். அந்த வசனம் அழுகையைத் தடுக்கவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

தூரத்தில் இருந்துவிட்ட பிள்ளைக்கு யோவான் சுவிசேஷம் 11-தான் சரியான அதிகாரம். இயேசு வரும்போது, இறந்துபோன நண்பன் லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாளாகிவிட்டது. "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று லாசருவின் சகோதரி மார்த்தாள் சொல்கிறாள். பிறகு இன்னொரு சகோதரி மரியாளும் வந்து அதையே சொல்கிறாள். இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று 25-ஆம் வசனத்தில் சொன்னவர், சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர், 35-ஆம் வசனத்தில் கண்ணீர் விடுகிறார். நம்பிக்கையும் அழுகையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில். "நான் அங்கே இருந்திருந்தால்" என்று உங்களைக் குத்தும் வார்த்தையையும் மார்த்தாளைப்போல அவரிடமே சொல்லுங்கள். ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். நாளுக்கு ஐந்தாறு வசனம், வாய்விட்டு.

தனியாக வாசிக்க முடியாத நாட்களும் வரும். சென்னை வீட்டில் மாலை 6.30-க்கு ஆறுதல் ஜெபம் என்றால் டொரண்டோவில் கோடையில் காலை 9 மணி, குளிர்காலத்தில் 8. பேச வராவிட்டாலும் இணைப்பில் இருங்கள். இங்கே உள்ள தமிழ்ச் சபையில் ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனை திடீரென்று எழும்போது பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

அடுத்த முறை ஊருக்குப் போகும் முன் கல்லறை எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டம் போன்ற நெருக்கமான இடத்தில் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் வெயிலில் அலைய வேண்டிவரும். கண்டுபிடித்ததும் அவசரப்படாமல் உட்காருங்கள். விட்ட இடத்திலிருந்து அந்த அதிகாரத்தை அங்கேயே வாசிக்கலாம்.