ஏப்பம் இல்லாத நாட்கள்

2025 ஜனவரி 21, செவ்வாய்

நாளைக் காலை ஆபரேஷன். கோயம்புத்தூர் வந்து அட்மிட் ஆகிவிட்டேன்.

நெஞ்செரிச்சலுக்குப் போய் ஆபரேஷனா என்று பெருந்துறையில் கேட்காத ஆள் இல்லை. "ஓமத்தண்ணி குடிச்சுப் பார்த்தீங்களா?" என்று இன்றுகூட ஒரு போன். மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மேலே ஏறுவதை அது நிறுத்தாது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்கும் ஓட்டை அகன்று, வயிற்றின் மேல்பாகம் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறி நிற்கிறது. ஹயாட்டஸ் ஹெர்னியா என்கிறார்கள். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்து, இருமிக்கொண்டே எழுந்து உட்காருவேன். மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏறிய தண்ணீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் ஃபுட்வால்வு போய்விட்டது.

ஆபரேஷனைவிட அதற்கு முந்தைய சோதனைகள்தான் கொடுமை. எண்டோஸ்கோப்பி பரவாயில்லை. உணவுக்குழாய் விழுங்கும் அசைவை அளக்கும் மேனோமெட்ரியில் மூக்கு வழியாகக் குழாயை இறக்கிவிட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீரை விழுங்கச் சொல்வார்கள். அப்புறம் அமிலம் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று பார்க்கும் 24 மணி நேர பிஎச் சோதனை. மூக்கில் மெல்லிய குழாய், இடுப்பில் ஒரு பெட்டி. "எப்பவும் போலச் சாப்பிடுங்க, எப்பவும் போல வேலை பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கடைக்கு வந்த தோட்டக்காரர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மூக்குல என்னங்க ஒயரு?" என்றார். காயில் டெஸ்ட் நடக்குதுங்க என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள். வலி அங்கே இல்லை, வலது தோள்பட்டையில். ராத்திரி பயந்துபோய் சிஸ்டரைக் கூப்பிட்டேன். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய கார்பன் டை ஆக்சைடில் மிச்சமிருப்பது உதரவிதானத்தை உறுத்துகிறதாம். அதற்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுவதால் வலி தோளில் தெரியும், எழுந்து நடந்தால் குறையும் என்றார். நடந்தேன், குறைந்தது.

வாந்தி என்ற சொல்லைக் கேட்டாலே ஓடி வருகிறார்கள். குமட்டினால் உடனே ஊசி. ஓங்கரித்தால் தையல் பிரிந்துவிடும்.

செய்தது இதுதான்: ஏறியிருந்த வயிற்றைக் கீழே இறக்கி, அகன்ற ஓட்டையைத் தைத்துச் சுருக்கி, வயிற்றின் மேல்மடிப்பை உணவுக்குழாய்க்குப் பின்னால் இழுத்து அதைச் சுற்றித் தைத்திருக்கிறார்கள். முழுதாக 360 டிகிரி சுற்றுவது நிஸ்ஸென் முறை. எனக்கு விழுங்கும் அசைவு கொஞ்சம் பலவீனம் என்று மேனோமெட்ரியில் தெரிந்ததால் 270 டிகிரியோடு நிறுத்திவிட்டார்கள். அது டூபே முறை.

படுத்தபடி போனில் நிஸ்ஸென் யார் என்று தேடினேன். ஜெர்மனியில் பிறந்த டாக்டர் ருடால்ஃப் நிஸ்ஸென், யூதர், 1933-இல் நாட்டைவிட்டுப் போனவர். 1948-இல் ஐன்ஸ்டைனின் வயிற்றுப் பெருந்தமனியில் இருந்த வீக்கத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றி வைத்தவர் இவர்தான்! அதற்குப் பிறகு ஐன்ஸ்டைன் 1955 வரை இருந்தார். அதே 1955-இல்தான் நிஸ்ஸென் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இந்த வயிறு சுற்றும் ஆபரேஷனை முதன்முதலாகச் செய்திருக்கிறார். எதைக் கண்டாலும் சுற்றிவிடும் மனிதர் போல.

ஜனவரி 26, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கடையில் வாங்கியது போல பிரெட், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். டாக்டர் தந்த தாளில் தொடக்கூடாததில் முதலில் இருப்பது பிரெட். உள்ளே இன்னும் வீக்கம் இருப்பதால் அது மாவு உருண்டையாகத் திரண்டு வழியில் நின்றுவிடும். கோலி சோடா கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, மாத்திரையைப் பொடித்துத்தான் போட வேண்டும். அரிசிக் கஞ்சி, இளநீர், நீர்மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணி இவைதான் இப்போதைக்கு.

அம்மாவுக்கு இது பெரிய துக்கம். நேற்று வந்த சொந்தங்கள் காபியோடு கிளம்பியதற்கே வருத்தப்படுகிறவர், மகன் டம்ளரில் கஞ்சி உறிஞ்சுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. "ஏஞ்சாமி, ரெண்டே ரெண்டு வாய் சோறு. கொழையக் கரைச்சுத் தாரேன்." தாளைக் காட்டினேன். "எழுதுனவன் சாப்பிட்டுட்டுத்தானே எழுதியிருப்பான்?"

பிப்ரவரி 2, ஞாயிறு

எடை இறங்கியிருக்கிறது. ஏப்பம் வரவே இல்லை. வயிறு உப்பி நெஞ்சுக்குக் கீழே காற்று முட்டி நிற்கிறது. எல்லாம் கீழ்வழியாகத்தான் போகிறது. இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. மகள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் ஃபேனைக் கூட்டிவிட்டு வருகிறாள்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்திருந்த செங்கற்களை மனைவி எடுத்துவிட்டாள். "படுத்துப் பாருங்க மாமா" என்றாள். படுத்தேன். ஒரே தலையணை. காலைப் பால்காரர் மணி அடிக்கும் வரை தெரியவில்லை. ஆபரேஷனுக்கு ஆன செலவு இந்த ஒரு ராத்திரியிலேயே கழிந்துவிட்டது என்பேன். மனைவி அதை ஒத்துக்கொள்ளவில்லை. பில்லைக் கட்டியது அவள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கடைப் பையனும் பக்கத்துக் கடைக்காரர்களும் சென்னிமலைக்குப் போய்விட்டார்கள். 1320 படி எனக்கு இப்போது கிடையாது. கனம் தூக்கவும் ஆறு வாரத்துக்குத் தடை, குடத்தைக்கூடத் தொடவிடுவதில்லை.

அம்மா சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு வாயும் கூழாகும் வரை மென்றேன். மற்றவர்கள் கை கழுவிவிட்டு வரும்போது நான் பாதியில் இருந்தேன். அவசரத்தில் ஒரு வாய் பெரிதாகப் போய்விட்டது. நெஞ்சுக்கு நடுவே அப்படியே நின்று, வாயில் எச்சில் ஊறி, கண் கலங்கி, எழுந்து நின்று காத்திருந்த பிறகு மெல்ல இறங்கியது. மேலே தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்கக் கூடாது, அது இன்னும் மோசம்.

சாயங்காலம் ஒரு ஏப்பம் வந்தது. சின்னதுதான். முக்கால் சுற்றுக்காரர்களுக்கு இது சுலபமாக வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுக்களையிலிருந்து அம்மா, "வந்துருச்சா கண்ணு?" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

குலதெய்வக் கோயிலில் பங்காளி வீட்டுக் கிடா விருந்து. கறிக்கு இன்னும் அனுமதி இல்லை. எலும்பு ரசமும் குழைந்த சோறும் மட்டும். பந்தியில் நின்று விசாரித்தவர்களுக்குப் பதில் சொல்வதுதான் சாப்பிடுவதைவிடக் களைப்பு.

சித்தப்பா மகன் தனியாக அழைத்துப் போய், "நானும் பண்ணிக்கலாமாண்ணா?" என்றான். மாத்திரை கேட்கிறதா என்றேன். கேட்கிறது, ஆனால் தினமும் போடுவது கடுப்பாக இருக்கிறதாம். மாத்திரையில் அடங்குகிற பெரும்பாலானவர்களுக்குக் கத்தி தேவைப்படுவதில்லை. சுற்றியதும் வருஷக்கணக்கில் தளரலாம், மறுபடி மாத்திரைக்கே வருகிறவர்களும் உண்டு. முதலில் அந்த மூக்குக் குழாய்ச் சோதனைகளைச் செய்துகொள், அதற்கு மேல் டாக்டர் சொல்வது என்றேன். மூக்குக் குழாய் என்றதும் பையனுக்கு ஆர்வம் பாதி போய்விட்டது. ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டாவது பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டான்.