பாதி விலைக்கு வந்த ஏர் ரைஃபிளும் சிலிண்டரில் இருந்த தேதியும்

செகண்ட் ஹேண்டில் மேட்ச் ஏர் ரைஃபிள், அதாவது போட்டியில் சுடும் காற்றுத் துப்பாக்கி, வாங்கும் எண்ணம் இருந்தால், கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் அதன் மரக்கட்டையின் பளபளப்பில் மயங்க வேண்டாம். பீப்பாய்க்குக் கீழே இருக்கும் காற்றுச் சிலிண்டரைத் திருப்பி, அதில் பொறித்திருக்கும் மாதத்தையும் வருடத்தையும் படியுங்கள். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மகள் பதினோராம் வகுப்பு. கோத்தகிரியிலிருந்து வார இறுதியில் கோவைக்குப் போய் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) இருக்கும் பொதுத் துப்பாக்கியை அவள் கன்னத்துக்கும் தோளுக்கும் ஏற்றபடி திருகி வைத்தால், அடுத்த வாரம் வேறு யாராவது மாற்றியிருப்பார்கள். குறி அட்டையில் பத்துப் புள்ளிக்கான பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர். சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்று கோச் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் புது ஜெர்மன் துப்பாக்கிக்கு எங்களுக்குச் சொன்ன விலை இரண்டே முக்கால் லட்சம். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது எட்டாத தொகை. கோவையில் ஒரு கடையில் அதே வகை, ‘முழுசா ரீஃபர்பிஷ் பண்ணது’, ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றார்கள். போனோம்.

லைசென்ஸ் தொல்லை இல்லை. பீப்பாயின் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். மேட்ச் ரைஃபிள்கள் ஏழரை ஜூல் அளவில்தான் இருக்கும். ஆதார் நகல் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பில் போடும் இடத்தில்தான் முதல் தகராறு. ‘ஏர் கன் - 1’ என்று மட்டும் எழுதி நீட்டினார் அங்கிருந்த பையன். சீரியல் நம்பர் எழுதச் சொன்னேன். “அதெல்லாம் யாரும் கேக்கறதில்லீங்க மேடம்” என்றான். நான் நகரவில்லை. நம்பரை எழுத வைத்தேன், கூடவே ‘ஏழு நாளுக்குள் குறை இருந்தால் முழுப் பணம் திருப்பித் தரப்படும்’ என்பதையும் எழுத வைத்துக் கடை முத்திரை வாங்கினேன். அந்த இரண்டு வரிதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. முதல் பலன் அன்று சாயங்காலமே கிடைத்தது. குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் உள்ளூர் வண்டி என்பதால் இ-பாஸ் கேட்கவில்லை, ஆனால் நீளமான பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பில்லில் இருந்த நம்பரையும் துப்பாக்கியில் இருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்துவிட்டு, ரேஞ்ச் அடையாள அட்டையையும் பார்த்து விட்டுவிட்டார்கள். நம்பர் இல்லாத பில்லோடு மலை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நம்பரை அரத்தால் ராவியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கடையில் சிலிண்டரின் காற்றழுத்த மீட்டர் 200 பார் (அழுத்தத்தின் அளவு) காட்டியது. மறுநாள் விடியற்காலை எங்கள் வீட்டில் 185. இதில் பயப்பட ஒன்றுமில்லை. கோவையின் 30 டிகிரியிலிருந்து இங்கே 10 டிகிரிக்கு வந்தால், ஒரு பொட்டுக் காற்று கசியாமலே பதின்மூன்று பார் போல இறங்கும். குளிர்ந்த காற்றின் அழுத்தம் குறைவு, பள்ளிப் பாடம்தான். ஆனால் அடுத்த காலையும் அதே குளிர்தான், மீட்டர் 160. அதற்கடுத்து 130. கடைக்குப் போன் செய்தால், “மலைக் குளிருங்க மேடம், அப்படித்தான் எறங்கும்” என்கிறார் முதலாளி. குளிர் ஒரு தடவைதான் இறக்கும், தினமும் இறக்காது. சோப்புத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு மீட்டர் பொருத்தியிருக்கும் இடத்தில் வைத்தோம். சின்னச் சின்னக் குமிழ்கள், ஒன்றன் பின் ஒன்றாக, நிற்காமல் வந்தன.

ஈரத்தைத் துடைக்கும்போது சிலிண்டரைச் சுற்றி ஒட்டியிருந்த ஏதோ கிளப் ஸ்டிக்கரின் ஓரம் நனைந்து எழும்பியது. மகள் அதை மெதுவாக உரித்தாள். கீழே தேதி: பன்னிரண்டு வருடம் பழையது.

இந்தச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பத்து வருடம்தான் ஆயுள் சொல்கிறார்கள். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் விதிகளிலும் சிலிண்டர் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் விதி என்று ஒதுக்க முடியாது. கார் டயரில் இருப்பதைப்போல நூறு மடங்கு அழுத்தத்தை என் பெண் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மலையில் பயம் இன்னும் கூடுதல், ஏனென்றால் இங்கே பலர் கைப்பம்பில்தான் காற்று ஏற்றுகிறார்கள். ஈரப்பதம் வடிகட்டி இல்லாத பம்ப் என்றால் மூடுபனியையும் சேர்த்தே உள்ளே தள்ளும். ஸ்டீல் சிலிண்டர் உள்ளுக்குள் துருப்பிடித்தால் வெளியே தெரியாது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, “ஸ்டிக்கரை உரிச்சிட்டீங்க, இனி எடுத்துக்க முடியாது” என்றார்கள். அப்புறம், “மேட்ச்ல இதையெல்லாம் யாருங்க பாக்கறாங்க?” என்றார்கள். அப்புறம், புது சிலிண்டர் போட்டுத் தருகிறோம், கூடுதலாக முப்பத்தைந்தாயிரம் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதோடு சேர்த்தால் ஒன்றரை லட்சம் தாண்டுகிறது. கோச் கருவி வைத்து வேகத்தையும் அளந்திருந்தார். கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டுச் சுட்டால் முதல் குண்டு மட்டும் தனியாக வேகமெடுக்கிறது, அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டரும் போய்விட்டது. அதற்கும் செலவு செய்தால் மிச்சம் என்று சொல்ல எதுவுமே இருக்காது. இவர்கள் ரீஃபர்பிஷ் செய்தது மரத்துக்குப் பாலிஷும் பீப்பாய்க்குக் கறுப்பும்தான். பில்லில் எழுத வைத்த அந்த வரியை மேஜையில் வைத்து, நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் பேச்சு மாறியது. ‘செக்கிங் சார்ஜ்’ என்று ஐந்தாயிரம் பிடிக்கப் பார்த்தார்கள், விடவில்லை. முழுப் பணமும் கணக்குக்கு வந்த மெசேஜைப் பார்த்த பிறகுதான் பெட்டியை அவர்கள் பக்கம் தள்ளினேன்.

இடையில் ஒன்று. துப்பாக்கி வந்தது தெரிந்ததும் அக்கம்பக்கத்தில், “குரங்குத் தொல்லைக்கா அக்கா?” என்று கேட்டார்கள். தயவுசெய்து அந்த எண்ணமே வேண்டாம். கருமந்தியும் மலை அணிலும் நம் வேலிக்கு அந்தப்பக்கம்தான் இருக்கின்றன. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பிராணியைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் ஆயுதம்தான், ஏர் கன் என்பதால் விலக்கு கிடையாது. முதுமலை வழியாகப் பயணம் போகிறவர்கள் இதை வண்டியில் வைத்துக்கொண்டு போகவே கூடாது.

கடைசியில் கோச் மூலமாக, சுடுவதை நிறுத்திவிட்ட ஒருவரிடமிருந்து எழுபதாயிரத்துக்கு வாங்கினோம். ஃபைன்வெர்க்பாவ் 601, எண்பதுகளில் வந்த வகை. இதில் சிலிண்டரே கிடையாது. பக்கத்தில் இருக்கும் லீவரை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டுக்கு வேண்டிய காற்று அழுந்திக்கொள்ளும். காலாவதி இல்லை, பம்ப் வேண்டாம். காற்று கசியாமல் தடுக்கும் சீல்களை மட்டும் மாற்றினோம். ஒவ்வொரு குண்டுக்கும் லீவர் இழுப்பதால் நிற்கும் நிலை கலைகிறது, அறுபது குண்டு முடிவதற்குள் தோள் கடுக்கிறது என்கிறாள். உண்மைதான். சிலிண்டர் துப்பாக்கியின் சுகம் இதில் இல்லை. ஆனாலும் பள்ளி அளவுப் போட்டிக்கு இதன் துல்லியம் தாராளம்.

மலைக்காரர்கள் இந்த வகையை வாங்கினால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சுமார் 6,000 அடி உயரத்தில் காற்று மெலிசு. லீவர் அதே தூரம்தான் போகிறது, ஆனால் உள்ளே அடைபடும் காற்று குறைவு, அதனால் குண்டின் வேகமும் குறைகிறது. கோவையில் நடுவில் விழுந்தது இங்கே கிட்டத்தட்ட ஒரு வளையம் கீழே விழுகிறது. துப்பாக்கியில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். சைட்டை எத்தனை கிளிக் மேலே ஏற்றினோம் என்று நோட்டில் குறித்து வையுங்கள், கீழே போட்டிக்குப் போனதும் அதே அளவு இறக்கிவிடலாம். மழைக்காலத்தில் ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிக்குள் மூடி வைக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பீப்பாயைத் துருவேற்றும். எண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றோட்டமுள்ள அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.