கழுத்து வழியாக ஈரலுக்கு

கானாடுகாத்தான் அம்மானுக்கு ஈரல் சுருக்க நோய். மதுவைத் தொட்டதில்லை, சர்க்கரையும் கொழுப்பு ஈரலும் செய்த வேலை. (ஊர் நம்பவில்லை, அது வேறு கதை.) உணவுக்குழாய் நாளம் வெடித்து ரத்த வாந்தி. மாத்திரை கொடுத்து, எண்டோஸ்கோப்பியில் ரப்பர் வளையம் மாட்டியும் மறுபடி கசிந்தது. மதுரை டாக்டர் டிப்ஸ் (TIPS) வைக்கலாம் என்றார்; கழுத்து வழியாகப் போய் ஈரலுக்குள் ரத்தத்துக்கு மாற்றுப் பாதை போடும் சிகிச்சை அது.

"ஏன்டா மாப்பிள்ளை, ரத்தம் வயித்துல, ஊசி எதுக்குக் கழுத்துல?"

ஊருணிக் கணக்குதான் அம்மான் என்றேன். கலுங்கு அடைத்தால் தண்ணீர் கரையை உடைக்கும். இறுகிய ஈரல் ரத்தத்தை விடவில்லை, அதனால் மாற்று வழி வெட்டுகிறார்கள்.

பழைய போர்ட்டோகேவல் அறுவை ரத்தத்தை ஈரலுக்கு வெளியே திருப்பிவிடும். கசிவு நிற்கும், ஆனால் ஈரல் வடிகட்டாத அம்மோனியா ஏறி மூளை குழம்பும். 1967-இல் வாரன் குழு மண்ணீரல் நாளத்தை இடது சிறுநீரக நாளத்தோடு இணைத்தது; ஈரலுக்கும் கொஞ்சம் ரத்தம் மிஞ்சியது. டிப்ஸில் வயிற்றைக் கிழிப்பதில்லை, கழுத்து நாளம் வழியாகப் போய் ஈரலுக்குள்ளேயே ஸ்டென்ட் என்ற சின்ன வலைக் குழாய்.

2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு 140 பேரிடம் வாரன் அறுவையையும் டிப்ஸையும் ஒப்பிட்டது. மறுகசிவு, மூளைக் குழப்பம், உயிர்பிழைப்பு எதிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் டிப்ஸ் வைத்தவர்களில் 82 சதவீதத்துக்கு மறுபடி கை வைக்க வேண்டியிருந்தது, அறுவையில் 11. அத்தை மகன் இதைத்தான் நீட்டிக்கொண்டு வாதாடினான். அந்த ஸ்டென்ட்களுக்கு உறை கிடையாது, தம்பி! இப்போதைய உறை போட்டவை அவ்வளவு சுலபமாக அடைவதில்லை. என் ஓட்டு டிப்ஸுக்கே.

குழப்பம் வரும் பயம் இதிலும் உண்டு, அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் மருந்து கையில் இருக்க வேண்டும். முதலில் இதயத்தை எக்கோ (ஸ்கேன்) எடுக்கணும். இதயம் பலவீனமென்றால் டிப்ஸ் பேச்சே இல்லை.