சியாங் மாயில் குடியேறிய கதை: 90 நாளும் எட்டு லட்சம் பாத்தும்

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வயது 50 ஆகியிருக்க வேண்டும், அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாத் (அந்நாட்டுப் பணம்) இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பணம் எந்தத் தேதியில் வந்தது, எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் அசையாமல் கிடந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நானும் மனைவியும் வடக்குத் தாய்லாந்தில் உள்ள சியாங் மாய்க்கு வந்தபோது எங்கள் வயதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பாஸ்புக்கைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

முதலில் எந்த விசா என்று முடிவு செய்ய வேண்டும். நான்-இமிக்ரன்ட் ஓ-ஏ என்பது ஓய்வுக்காலத்துக்கென ஊரிலிருந்தே ஒரு வருடத்துக்கு வாங்குவது. அதற்கு போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, 30 லட்சம் பாத் அளவுக்குக் காப்பீடு எல்லாம் வேண்டும். சர்க்கரையும் பிபியும் உள்ள அறுபது வயதுக்காரருக்கு அந்தப் பிரீமியம் கட்டி மாளாது. அதனால் வெறும் 'ஓ' (நான்-இமிக்ரன்ட் ஓ) விசாவில் வந்தோம். 90 நாள் கொடுப்பார்கள். இங்கே வந்தபின் அதை ஒரு வருடத்துக்கு நீட்டிக்க வேண்டும். இந்த வழியில் காப்பீடு கட்டாயமில்லை. அதற்காக எடுக்காமல் இருந்துவிடாதீர்கள், தனியார் மருத்துவமனை பில் பார்த்தால் மயக்கம் வரும்.

இப்போது கணக்குப் போடுங்கள். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் பணம் இரண்டு மாதமாக உங்கள் பெயரில் உள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். 90 நாளில் 60 போனால் மிச்சம் முப்பதே நாள். அதற்குள் வீடு பிடித்து, கணக்கு திறந்து, ஊரிலிருந்து பணம் வந்து சேர வேண்டும். கணக்கு திறப்பதுதான் இதில் பெரிய தலைவலி. ஒரு கிளையில் முடியாது என்பார்கள், அதே வங்கியின் அடுத்த தெருக் கிளையில் சிரித்துக்கொண்டே திறந்து தருவார்கள். இமிக்ரேஷன் (குடிவரவு) அலுவலகத்தில் வசிப்பிடச் சான்று வாங்கிக் கொண்டு போனால் வேலை சுலபம்.

பணம் அனுப்புவதில் நம் பக்கமும் ஒரு சங்கதி உண்டு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டப்படி நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள். எட்டு லட்சம் பாத் என்பது இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக் கொள்ளலாம் என்றாலும், கையில் அந்தக் கூடுதல் பணம் முதலில் இருக்க வேண்டுமே. நிதியாண்டின் விளிம்பில், மார்ச்சில் ஒரு பகுதி ஏப்ரலில் ஒரு பகுதி என்று அனுப்பினால் இந்தப் பிடித்தம் குறையும்.

அப்புறம் கல்யாணச் சான்று. மனைவியை என்னைச் சார்ந்தவராகச் சேர்த்தால் இருவருக்கும் சேர்த்து ஒரே எட்டு லட்சம் போதும். ஆனால் எங்கள் காலத்தில் யார் போய் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள்? பத்திரிகையும் போட்டோ ஆல்பமும்தான் சாட்சி. பேரன் பேத்தி எடுத்தபிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் நின்றோம். "இப்பவாவது பண்ணிக்கிறீங்களே" என்றார் அங்கே ஒருவர். அந்தச் சான்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், பிறகு சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகம். இதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

நீட்டிப்பு நாளன்று டிஎம்.7 என்ற விண்ணப்பப் படிவம், 1,900 பாத் கட்டணம், வங்கிக் கடிதம், அன்று காலையிலேயே பதிவு போட்ட பாஸ்புக், வீட்டு உரிமையாளர் நம்மைப் பற்றித் தகவல் கொடுத்த டிஎம்.30 ரசீது. இந்த ரசீது இல்லாமல் எங்கள் விண்ணப்பத்தைத் தொடவே இல்லை. நகல் ஒவ்வொன்றிலும் நீல மையில் கையெழுத்து. வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம் ஒன்றும் கேட்டார்கள். மனைவி பேனாவை வாங்கி புத்தர் கோயில், செவன்-லெவன் கடை, எங்கள் சந்து என்று கோலம் போடுவது மாதிரி வரைந்து கொடுத்தாள். அதிகாரி விரலால் அந்தப் பாதையில் நடந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

முத்திரை விழுந்ததும் பணத்தை எடுத்துவிட முடியாது. மூன்று மாதம் எட்டு லட்சமும் இருக்க வேண்டும், அதன்பின் நான்கு லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது, அடுத்த நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி எட்டு. ஆக வருடத்தில் ஐந்து மாதம் முழுப் பணமும் சும்மா கிடக்கும். செலவுக்கு இன்னொரு கணக்கு வைத்துக் கொள்வதே நல்லது. 90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிவிப்பு உண்டு, டிஎம்.47 என்பார்கள். கெடுவுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை செய்யலாம். தவறினால் 2,000 பாத் அபராதம்.

ஊர் பழகுவது இதைவிட எளிது. மார்கழி சமயத்தில் பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பவாய்ச் சடங்கில் திருவெம்பாவை ஓதுகிறார்கள் என்று கேட்டதும் அந்நியம் பாதி போய்விட்டது. நவம்பரில் பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றுக்கு சியாங் மாயிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

இந்த ஊருக்குள்ள ஒரே குறை புகை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிப்பதால் மலையே கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்துமா இருப்பவர்கள் அந்த மாதங்களில் கிளம்பிவிடுவார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். ரீ-என்ட்ரி பர்மிட் (திரும்பி வருவதற்கான அனுமதி) இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் ஒரு வருட நீட்டிப்பு அங்கேயே செத்துவிடும், எட்டு லட்சம் வங்கியில் இருந்தாலும் சரி. ஒருமுறைக்கு 1,000 பாத், பலமுறைக்கு 3,800. வருடத்தில் நான்கு தடவை போய் வருகிறவர்களுக்குத்தான் இரண்டாவது கட்டுப்படும். நாங்கள் மார்ச்சில் பேத்தியைப் பார்க்கப் போவதோடு சரி என்பதால் ஆயிரம் பாத் முத்திரையே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.